கவுன்ட்டர் மாறி கவுன்ட்டர்: நிறுவனப் பொறியியல் ஓர் அறிமுகம்



மலருக்கு 'நிறுவனப் பொறியியல்' பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "இது எந்தப் பிராஞ்ச்டா? எந்த செமஸ்டர்ல வருது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் பெயரில் தனிப் பேப்பர் கிடையாது. மெக்கானிக்கல்காரர்களுக்கு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் கொஞ்சம், கம்ப்யூட்டர்காரர்களுக்கு டேட்டாபேஸில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பதே இந்தத் துறையின் வேலை என்பதால், இது ஒரு வேடிக்கைதான்!

ஒரு மோட்டாரை எப்படி வடிவமைக்கிறோம்? ஷாஃப்ட், பேரிங், வைண்டிங் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டாலும், கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி ஓட வேண்டும் என்பதை முதலிலிருந்தே மனதில் வைத்துத்தானே படம் போடுகிறோம். அதே மாதிரி ஒரு நிறுவனத்தின் ஆட்கள், வேலைமுறைகள், ரிஜிஸ்டர்கள், இயந்திரங்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு வடிவமைப்பதற்குத்தான் இந்தப் பெயர். 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்று வரைமுறைகள் பல வந்தன. பெயர் பெரிசு. விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

எவ்வளவு தெரிந்தது என்றால், நான் தங்கியிருக்கும் கோபாலபுரத்தில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சிக்குத் துவரம்பருப்பு எத்தனை மூட்டை இருக்கிறது என்று தெரியும். யார் வீட்டுக் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று தெரியும். மாசம் பிறந்தால் எந்த வீட்டிலிருந்து என்ன லிஸ்ட் வரும் என்பதும் தெரியும். "அண்ணாச்சி, நல்லெண்ணெய் இருக்கா?" என்று கேட்டால் எழுந்து பார்க்காமலே "சாயங்காலம் வரும் தம்பி, ரெண்டு லிட்டர் எடுத்து வைக்கட்டா?" என்பார். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், சேல்ஸ், அக்கவுன்ட்ஸ் நான்கும் அவர் ஒரே தலைக்குள் இருக்கின்றன. ஒருங்கிணைப்பு என்ற பிரச்சினையே அங்கே எழவில்லை.

சரி, அதே அண்ணாச்சி ராயப்பேட்டையில் இன்னொரு கடை போடுகிறார், சரக்குக்குத் தனியாக ஒரு குடோன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது குடோனில் ஒருவர் நோட்டில் எழுதுவார், இரண்டு கடையிலும் இரண்டு பேர் எழுதுவார்கள், வீட்டில் மகன் கம்ப்யூட்டரில் இன்னொரு கணக்கு வைப்பான். அதே துவரம்பருப்புக்கு நான்கு இடத்தில் நான்கு எண். அவற்றில் எது நிஜம்? இந்தக் கேள்வி எந்த நாளில் முளைக்கிறதோ, அந்த நாளிலிருந்து அந்தக் கடைக்கு நிறுவனப் பொறியியல் தேவைப்படுகிறது.

கம்ப்யூட்டர் வாங்கி எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான்கு தப்பான நோட்டுகளை ஒயர் போட்டு இணைத்தால், தப்பு வேகமாகப் பயணம் செய்யும், அவ்வளவுதான். முதலில் ஒரு விஷயம் தீர்மானமாக வேண்டும்: எந்தத் தகவலை யார் வைத்திருப்பது? அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு? மற்றவர்கள் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் செய்யும் எந்த ஒருங்கிணைப்பும் நிலைக்காது என்பது என் கட்சி. இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக நாம் அடித்துப்பிடித்து எடுக்கும் ரயில் டிக்கெட்!

வயர் கொடுத்த காலம்

எங்கள் தெருவில் ரயில்வேயில் ரிசர்வேஷன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு எப்படி என்று கேட்டபோது அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடித்த ரிஜிஸ்டர். தேதிக்கு ஒரு பக்கம், கோச்சுக்கு ஒரு பக்கம் என்று பெர்த் எண்கள் வரிசையாகக் கோடு போட்டிருக்கும். ஃபாரம் எழுதிக் கொடுத்தால் கிளார்க் அந்த ரிஜிஸ்டரைத் திறந்து, காலியாக இருக்கும் எண்ணுக்கு எதிரே பெயரை எழுதுவார். ரிஜிஸ்டர் ஒன்றுதான். ஆகவே அதை வைத்திருக்கும் கவுன்ட்டரும் ஒன்றுதான். திருநெல்வேலி வண்டிக்கு ஒரு க்யூ, பம்பாய் வண்டிக்கு வேறு க்யூ. தப்பான க்யூவில் நின்றுவிட்டால் போச்சு, மறுபடி அடுத்த க்யூவின் வால்.

"அது மட்டுமா தம்பி? மெட்ராஸ்ல இருந்து டெல்லி போயிட்டுத் திரும்பி வரணும்னா, ரிட்டர்னுக்கு டெல்லிக்கு வயர் அடிப்போம். பதில் வந்தாத்தான் பெர்த் இருக்கா இல்லையான்னு தெரியும். சில நேரம் ஆள் ஊருக்குக் கிளம்பிப் போயிடுவார், பதில் அப்புறம் வரும்!" என்றார்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் பொறியியல் கண்ணோடு பாருங்கள். அந்தப் பழைய முறையில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரு பெர்த்துக்கு ஒரே ஒரு ரிஜிஸ்டர். அதே பெர்த்தை வேறு எந்தக் கவுன்ட்டரும் தர முடியாது, ஏனென்றால் ரிஜிஸ்டர் அவர்களிடம் இல்லை. தகவலுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பமே இல்லை. குறை எங்கே என்றால், அந்தச் சொந்தக்காரரை எட்டுவதில்தான். நாம்தான் நடந்து போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், அல்லது தந்தி போக வேண்டும்.

எந்தக் கவுன்ட்டரிலும் எந்த வண்டியும்

1985-86ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தது. அப்போது அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. அந்த மென்பொருளை எழுதியது. 'இம்ப்ரெஸ்' என்று பெயர். வாக்ஸ் கம்ப்யூட்டரில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார்கள். ரயில்வேக்கென்று 'கிரிஸ்' என்ற தனித் தகவல் அமைப்பு மையமும் 1986ல் உருவானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்திராபாத் நகரங்களுக்கும் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்துவிட்டது. நம் ஊரில் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் (பழைய மார்க்கெட் 1985ல் தீக்கிரையானது) எழுந்த கட்டடத்தில் இருக்கும் ரிசர்வேஷன் மையத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

மாற்றத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, "க்யூ குறைஞ்சுது, எந்தக் கவுன்ட்டர்ல வேணா எந்த வண்டிக்கும் எடுக்கலாம்" என்பது கண்ணில் பட்டது. உள்ளே நடந்தது அதைவிடப் பெரிசு. கையால் எழுதிய காலத்தில் பெர்த் ஒதுக்குவது ஒரு வேலை, கட்டணம் கணக்குப் போடுவது இன்னொரு வேலை, டிக்கெட் தருவது, நாள் முடிவில் பணக்கணக்கு ஒப்படைப்பது, புறப்படும் முன் சார்ட் எழுதுவது எல்லாம் வேறு வேறு வேலை. ஒன்றின் முடிவை எடுத்து இன்னொன்றில் மறுபடி எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொரு முறையும் தப்பு நுழைய ஒரு வாசல் திறக்கிறது. கம்ப்யூட்டரில் கிளார்க் ஒரு முறை விவரம் அடித்ததும் பெர்த் பதிவாகிறது, கட்டணம் கணக்காகிறது, டிக்கெட் அச்சாகிறது, அந்தக் கவுன்ட்டரின் பணக்கணக்கு ஏறுகிறது, அன்றைய சார்ட்டுக்குப் பெயரும் தயாராகிறது. ஷிஃப்ட் முடிந்ததும் பெட்டியில் உள்ள பணமும் கம்ப்யூட்டர் தரும் தொகையும் பொருந்த வேண்டும். எங்கள் தெருப் பெரியவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "எழுதறது குறைஞ்சுது, ஆனா ஒளிய இடமில்லாமப் போச்சு!"

ஒரு தடவை பதிவு, பல இடத்தில் பயன் என்ற இதே கருத்தில்தான் இன்று தொழிற்சாலைகளில் இருக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள்கள் எல்லாம் நிற்கின்றன. 1972ல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கிய சாப் நிறுவனமும் சரி, 1990களில் நம் சென்னையிலிருந்தே மார்ஷல் என்ற ஈ.ஆர்.பி.யைக் கொண்டுவந்த ராம்கோவும் சரி, விற்றது இந்தக் கருத்தைத்தான்.

ஐந்து தீவுகள்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐந்து நகரத்திலும் ஐந்து கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் தனக்குள் நன்றாக ஓடியது. சென்னையில் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் சென்னைக் கம்ப்யூட்டரில் இருக்கும் வண்டிகளுக்கு டிக்கெட் கிடைக்கும். டெல்லியிலிருந்து திரும்பி வரும் வண்டியின் பெர்த் டெல்லிக் கம்ப்யூட்டரில் அல்லவா இருக்கிறது! இங்குள்ள எல்லாக் கவுன்ட்டரிலிருந்தும் அதற்குள் கை நீட்ட முடியாது.

கம்ப்யூட்டர்மயம் ஆவதும் ஒருங்கிணைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். பல தொழிற்சாலைகளில் இன்றும் இந்த நிலை உண்டு. ஸ்டோர்ஸில் ஒரு மென்பொருள், சம்பளத்துக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு எக்ஸெல் ஷீட். கேட்டால் "நாங்க ஃபுல்லா கம்ப்யூட்டரைஸ்டு" என்பார்கள்.

இதைத் தீர்க்க கிரிஸ் எழுதிய புதிய மென்பொருள்தான் 'கான்செர்ட்'. 1994ல் செகந்திராபாத்தில் முதலில் வந்து, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையாக இணைந்தன. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. எல்லாப் பெர்த்தையும் தூக்கி ஒரே கம்ப்யூட்டரில் போடவில்லை. ஐந்து மையங்களிலும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கவும் இல்லை. ஒவ்வொரு வண்டியும் ஐந்தில் ஏதாவது ஒரு மையத்துக்குச் சொந்தம். அந்த வண்டியின் பெர்த் பதிவேடு அங்கே மட்டும்தான். சென்னைக் கவுன்ட்டரில் டெல்லி வண்டியைக் கேட்டால், கேள்வி டெல்லிக்குப் போகிறது, டெல்லி பெர்த் ஒதுக்குகிறது, பதில் இங்கே அச்சாகிறது. கிளார்க்குக்கும் நமக்கும் அது தெரிவதுகூட இல்லை.

உங்கள் பழைய டிக்கெட் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கம், அந்த வண்டி எந்த மையத்துக்குச் சொந்தம் என்பதைச் சொல்லும். நான்கில் தொடங்கினால் சென்னை. நீங்கள் டிக்கெட் எடுத்தது மதுரையிலா, மொபைலிலா என்பது அதற்குப் பொருட்டில்லை. ரிஜிஸ்டர் காலத்து நல்ல குணத்தை (ஒரு பெர்த், ஒரு பதிவேடு) அப்படியே காப்பாற்றிக்கொண்டு, எட்டாக் குறையை மட்டும் நீக்கினார்கள். பழைய முறையைத் தூக்கி எறியாமல் அதில் எது சரி, எது தடை என்று பிரித்துப் பார்த்த இந்த யோசனைக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

கடைசி பெர்த் யாருக்கு?

இங்கே கம்ப்யூட்டர் பிராஞ்ச் நண்பர்களுக்காக ஒரு சின்ன நுணுக்கம். ஒரு வண்டியில் ஒரே ஒரு பெர்த் மிச்சம். எழும்பூரில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர், இருவரும் ஒரே வினாடியில் கேட்கிறார்கள். இருவருக்கும் 'காலி' என்று திரையில் தெரிகிறது. என்ன ஆகும்?

பார்ப்பதும் எடுப்பதும் வேறு வேறு செயல் என்று பிரித்தால் விடை வந்துவிடும். பார்ப்பதை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் செய்யலாம். எடுக்கும் கோரிக்கை வந்ததும், பதிவேடு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் பூட்டிக்கொண்டு ஒருவர் வேலையை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்க்கும். பெர்த் குறைவது, பெயர் பதிவாவது, தொகை ஏறுவது எல்லாம் நடந்தால் சேர்ந்து நடக்க வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். டேட்டாபேஸ் பேப்பரில் 'டிரான்சாக்‌ஷன்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். பெர்த்துக்கு இரண்டு பதிவேடு இருந்திருந்தால் இந்தப் பூட்டை எங்கே போடுவது? இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும், ஒன்று பூட்டி ஒன்று பூட்டாமல் நின்றால் அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். சொந்தக்காரர் ஒருவரே என்பது எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்.

இப்படி உள்வேலை திடமாக இருந்ததால்தான் 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் இணையத்தில் டிக்கெட் விற்க முடிந்தது. தொடக்கத்தில் இணையத்தில் பணம் கட்டினால் அட்டை டிக்கெட் கூரியரில் வீடு தேடி வரும். பிறகு ஈ-டிக்கெட் வந்தது. வாசல் புதுசு, பின்னால் இருக்கும் பதிவேடு அதேதான். 2025 ஜூலையில் வந்த 'ரயில்ஒன்' செயலியும் அப்படித்தான்: ரிசர்வ் டிக்கெட், ரிசர்வ் இல்லாத டிக்கெட், பிளாட்ஃபாரம் டிக்கெட், வண்டி எங்கே வருகிறது என்ற விசாரணை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். வாசல் ஒன்றானதால் உள்ளே உள்ள அறைகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது.

ஒருங்கிணைப்புக்கு ஒரு விலையும் உண்டு. 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் முடங்கியபோது நாடு முழுக்க அந்த வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து தவித்தார்கள். ரிஜிஸ்டர் காலத்தில் ஒரு கிளார்க்குக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு க்யூதான் நின்றிருக்கும்.

சார்ட் எனும் எல்லைக்கோடு

இவ்வளவு நன்றாகத் தைத்த சட்டையிலும் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. சார்ட் போடும் வரை பெர்த்துக்குச் சொந்தக்காரர் கம்ப்யூட்டர். சார்ட்டை அச்சடித்து டி.டி.இ. கையில் கொடுத்த நிமிடம் முதல் சொந்தக்காரர் அவரும் அவர் கையில் இருக்கும் தாளும்தான். எழும்பூரில் ஏற வேண்டியவர் வரவில்லை என்பது டி.டி.இ.க்குத் தெரியும், பேனாவால் குறித்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விழுப்புரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு நிற்பவருக்கும் தெரியாது. பெர்த் காலியாகவே திருச்சி வரை போகும், அல்லது... உங்களுக்கே தெரியும்!

2015 நவம்பரில் சார்ட்டை இரண்டு முறை போடும் முறை வந்தது: அப்போது முதலாவது நான்கு மணி நேரம் முன்பு, இரண்டாவது அரை மணி முன்பு. இடையில் காலியாக இருக்கும் பெர்த்துகளை விற்கலாம். 2019ல் சார்ட்டையும் காலி பெர்த்தையும் பயணிகளே இணையத்தில் பார்க்க வழி செய்தார்கள். அதன் பிறகு டி.டி.இ.க்களுக்குக் கையடக்கக் கருவி கொடுத்தார்கள். வராதவரை அதில் குறித்தால், அந்த பெர்த் ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவருக்குப் போகும். கவனியுங்கள், இது கம்ப்யூட்டர் வேகம் பற்றிய பிரச்சினையே இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு மாறும் அந்த ஒரு நிமிடம்தான் பிரச்சினை. எந்த நிறுவனத்தில் கோளாறு தேடினாலும் முதலில் அந்த மாதிரி நிமிடங்களைத் தேடுங்கள்.

ஃபோர்டும் மூன்று தாள்களும்

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லாவிட்டால் கட்டுரை முழுசாகாது என்பார்கள். 1990ல் மைக்கேல் ஹாமர் என்ற பேராசிரியர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஃபோர்டு கம்பெனி பற்றி எழுதினார். வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் வட அமெரிக்காவில் 500 பேருக்கு மேல். ஜப்பானின் மஸ்டாவில் அதே வேலைக்கு 5 பேர். கம்பெனி சின்னது என்று தள்ளுபடி செய்தாலும் கணக்கு ஒத்து வரவில்லை.

அந்த 500 பேர் என்ன செய்தார்கள்? பர்ச்சேஸ் ஆர்டர், பொருள் வந்து சேர்ந்த ரசீது, சப்ளையர் அனுப்பிய பில் ஆகிய மூன்று தாளும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால் ஏன் என்று தேடுவது. தேடுவதில்தான் பொழுது போனது. ஃபோர்டு என்ன செய்தது என்றால், ஆர்டரை ஒரு பொதுப் பதிவேட்டில் போட்டது. பொருள் கேட்டுக்கு வந்ததும் அங்கே இருப்பவரே கம்ப்யூட்டரில் பார்ப்பார். ஆர்டரோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்வார், பணம் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் லாரி அப்படியே திரும்பும். பில் என்ற தாளே தேவையில்லாமல் போயிற்று. ஆள் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைந்தது.

நம் சங்க மலரில் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. மீதி முக்கால்வாசிப் பேர் என்ன ஆனார்கள்? ஹாமர் காட்டிய வழி பிறகு பல கம்பெனிகளில் ஆட்குறைப்புக்கு நாகரிகமான பெயராகவே ஆனது. தன் இன்ஜினியரிங் பின்னணியால் மனிதர்கள் பக்கத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று 1996ல் அவரே ஒப்புக்கொண்டார். நிறுவனத்தை மோட்டார் மாதிரி வடிவமைக்கலாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அந்த உவமை உடையும் இடம் இதுதான். பேரிங்கைக் கழற்றி வைத்தால் அதற்குக் குடும்பம் கிடையாது. எழுதும் வேலை குறையும்போது அந்த ஆட்களுக்கு என்ன வேலை, என்ன பயிற்சி என்பதும் அதே வரைபடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் பாதிதான் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஆறு கேள்வியும் ஒரு ஃபாரமும்

சரி, இதை நாமே செய்து பார்க்க முடியுமா? முடியும். 1987ல் ஜான் ஸாக்மன் என்பவர் நிறுவனத்தைப் படம் போட ஒரு கட்டம் கொடுத்தார். பின்னால் 1992ல் விரிந்த வடிவில் அதில் ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். இதை நானும் என் வகுப்பு நண்பர்கள் சிலரும் 'நோ டியூஸ்' ஃபாரத்தின் மேல் போட்டுப் பார்த்தோம். கடைசி செமஸ்டரில் சான்றிதழ் வாங்க லைப்ரரி, லேப், ஒர்க்‌ஷாப், ஹாஸ்டல், ஆபீஸ் என்று கையெழுத்துக்கு அலைவோமே, அதே ஃபாரம்தான்!

மெத்தட் ஸ்டடியில் படித்த குறிகளை எடுத்துக்கொண்டோம். செயலுக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், காத்திருப்புக்கு 'டி', சேமிப்புக்குத் தலைகீழ் முக்கோணம். ஃப்ராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1921ல் தொடங்கி வைத்த புராசஸ் சார்ட் இது. தேர்வுக்குப் படம் போட்டதோடு மறந்துவிடுகிறோம், ஆனால் அருமையான ஆயுதம். தாள் முழுக்க அம்பும் 'டி'யும்தான் வந்தன. வட்டம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

'என்ன' என்று கேட்டால், ஃபாரத்தில் போகும் தகவல் ஒன்றே ஒன்று: இவர் நமக்குப் பாக்கி இல்லை. 'யார்' என்றால், லைப்ரரி பாக்கி லைப்ரரியனுக்குத் தெரியும், உடைந்த பியூரெட் கணக்கு லேப் அசிஸ்டென்ட்டுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் சரியாகத்தான் இருக்கிறார்கள். 'எப்போது' என்பதில்தான் கோளாறு. பாக்கி உண்டான அன்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரே வாரத்தில் எல்லோரையும் கேட்கிறோம். 'எப்படி' என்றால், நாம்தான் அந்தத் தந்தி. ஒரு துறையின் தகவலை இன்னொரு துறைக்குக் காலால் சுமந்து செல்கிறோம். 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள்: "அது ரூல்ஸ்ப்பா."

எங்கள் யோசனைக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிரிவும் பாக்கி உள்ளவர்கள் பட்டியலை மட்டும் ரோல் நம்பரோடு மாதம் ஒரு முறை ஆபீசுக்குக் கொடுத்தால் போதும். பட்டியலில் இல்லாதவருக்கு ஆபீசே சான்றிதழ் தரலாம். பாக்கி உள்ளவர் மட்டும் அந்தப் பிரிவுக்குப் போனால் போதும். பாக்கி இல்லாத பெரும்பாலோர் அலைவது எதற்கு? ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: எல்லாப் பிரிவும் ஒரே எண்ணால் மாணவனைக் குறிக்க வேண்டும். லைப்ரரியில் கார்டு எண், ஹாஸ்டலில் ரூம் எண், ஒர்க்‌ஷாப்பில் பேட்ச் எண் என்று இருந்தால் பட்டியல் வந்தும் பயனில்லை. ரயிலுக்கு பி.என்.ஆர். இருப்பது போல நமக்கு ரோல் நம்பர்.

நாம் உட்காரப் போகும் நாற்காலி

இதெல்லாம் மேனேஜர்கள் விஷயம், நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிப்ளமோ முடித்து அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ நாம் சேரும்போது எங்கே உட்காருவோம்? ஸ்டோர்ஸில், லைனில், குவாலிட்டியில், கேட்டில். ஃபோர்டு கதையில் லாரியைத் திருப்பி அனுப்பிய அந்த ஆளின் இடம் அது. நிறுவனம் முழுக்க ஓடும் தகவல் முதன்முதலில் உள்ளே நுழையும் இடமும் அதுதான். அங்கே எம்10 போல்ட்டுக்குப் பதில் எம்12 போல்ட்டின் கோடு நம்பரை அடித்தால், பழைய நோட்டு காலத்தில் ஸ்டோர்ஸோடு போயிருக்கும். இன்று அதே நிமிடம் பர்ச்சேஸ் தப்பாக ஆர்டர் போடும், அசெம்பிளி நாளைக்குப் பொருள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு லைனைத் திட்டமிடும், அக்கவுன்ட்ஸ் சரக்கு மதிப்பைத் தப்பாகக் காட்டும். கண்டுபிடிக்கும்போது லைன் நின்றிருக்கும்.

ஆகவே இன்-பிளான்ட் டிரெயினிங் போகிறவர்கள், மெஷினைப் பார்ப்பதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஏதாவது ஒரே ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டென்ட்டாக இருக்கலாம், ஜாப் கார்டாக இருக்கலாம், கேட் பாஸாக இருக்கலாம். அது எங்கே பிறக்கிறது, எத்தனை கை மாறுகிறது, அதில் உள்ள எண்ணை வேறு எங்கெல்லாம் மறுபடி எழுதுகிறார்கள், இரண்டு இடத்தில் எண் வேறுபட்டால் யார் சொல்வதை நம்புகிறார்கள் என்று கேளுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்பதைவிட வருஷக்கணக்காக ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணனிடம் கேட்டால் உண்மை வரும். அவர் கம்ப்யூட்டரை ஒரு கண்ணாலும், டிராயருக்குள் இருக்கும் தன் சொந்த நோட்டை மறு கண்ணாலும் பார்ப்பார். அந்த நோட்டு ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் படத்தில் விட்டுப்போனது என்ன என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

நாங்கள் வரைந்த நோ டியூஸ் புராசஸ் சார்ட்டும் யோசனைக் கடிதமும் சங்க அறையில் இருக்கின்றன. அடுத்ததாக ஒர்க்‌ஷாப் டூல் ரூமை எடுக்கலாம் என்று இருக்கிறோம். டூல் டோக்கன் தொலைத்தவர்கள் முன்னுரிமையோடு வரவேற்கப்படுகிறார்கள்!